12 நாள் குழந்தை, வீட்டில் எல்லோரும் "பால் பத்தலை" என்கிறார்கள்

கேள்வி கேட்டவர்: கானாடுகாத்தான் மகள்

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு இது முதல் பிரசவம், ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். பெண் குழந்தை. இப்போது கானாடுகாத்தானில் அம்மா வீட்டில் இருக்கிறேன். இன்றோடு 12 நாள்.

பிறந்தபோது 2 கிலோ 900 கிராம் இருந்தாள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது 2 கிலோ 690. இன்று காலையில் எடை போட்டோம், 2 கிலோ 860. "பிறந்த எடையே இன்னும் வரலையே" என்று என் மாமியார் போனில் கேட்டார். அவர் அக்கறையில்தான் கேட்டார். ஆனால் அந்த வார்த்தை காதிலேயே நிற்கிறது.

பிள்ளை பார்க்க வருகிறவர்கள் வளவுக்குள் கால் வைத்ததும் கேட்கிற முதல் கேள்வியே "பால் இருக்கா?" என்பதுதான். சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பித்தால் ஒன்பது மணி வரை மகள் அழுகிறாள், குடிக்கிறாள், பத்து நிமிடம் கண்ணை மூடுகிறாள், மறுபடியும் அழுகிறாள். அதைப் பார்த்ததும் "பால் பத்தலை, அதான் பிள்ளை வீரிடுது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மாமியார் பவுடர் பால் டின் ஒன்று வாங்கி அனுப்பியிருக்கிறார். என் ஆயாவோ கழுதைப் பால் ஒரு சங்கு கொடுத்தால் பிள்ளைக்கு நோய் அண்டாது என்கிறார். தெருவில் கழுதை ஓட்டி வருகிறவரிடம் சொல்லியும் வைத்துவிட்டார். பிறந்த அன்றே நாக்கில் தேன் தொட்டு வைக்கப் பார்த்தார்கள், அங்கிருந்த நர்ஸ்தான் தடுத்தார்.

எனக்கு இடது பக்கம் காம்பு வெடித்து ரத்தம் கசிகிறது. அவள் வாயைத் திறந்தாலே என் உடம்பு நடுங்குகிறது. கர்ப்ப காலத்தில் எனக்குச் சர்க்கரை வேறு இருந்தது. சோறு கொஞ்சமாகத்தான் போடுகிறார்கள், தண்ணீரும் அளந்துதான். தண்ணீர் குடித்தால் வயிறு போட்டுவிடுமாம்.

தாய்ப்பால் பிள்ளைக்கு நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எந்த விதத்தில் நல்லது, இந்த வலியைத் தாங்குகிற அளவுக்கு நல்லதா? பெற்றவளுக்கு இதில் ஏதாவது நன்மை உண்டா? இதை வீட்டில் கேட்க முடியவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன். விடுப்பு முடிந்ததும் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போக வேண்டும். அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

பதில் 1: தேவகோட்டை அம்மா

உங்கள் பதிவைப் படித்ததும் ஆறு வருடத்துக்கு முந்தைய என்னையே பார்த்த மாதிரி இருந்தது. எனக்கும் இதே சாயங்கால அழுகை, இதே பேச்சு. மூன்றாவது வாரத்தில் ராத்திரி ஒரு வேளை மட்டும் பாட்டில் என்று ஆரம்பித்தேன். பிறகு இரண்டு வேளை ஆனது. பாட்டில் குடித்த பிள்ளை நீண்ட நேரம் தூங்கும், அந்த நேரத்துக்கு என் மார்பு பால் சுரக்கத் தேவையில்லை என்று நினைத்துக்கொள்ளும். இது அப்போது எனக்குத் தெரியாது. மூன்றாம் மாதம் முடிவதற்குள் பால் நின்றே போனது.

என் மகன் நன்றாகத்தான் வளர்ந்திருக்கிறான், பவுடர் பால் குடித்தான் என்பதற்காக நான் என்னை நொந்துகொள்வதில்லை. ஆனால் அன்றைக்குப் பால் இல்லாமல் நான் பாட்டிலை எடுக்கவில்லை. இல்லை என்று எல்லோரும் சொன்னதால் எடுத்தேன். அதுதான் இன்னும் மனதில் உறுத்துகிறது. தெரிந்தவர் ஒருவரை வைத்துப் பிள்ளை வாய் வைப்பதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். டின்னை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

பதில் 2: புதுவயல் நர்சம்மா

ஆத்தா, நான் 31 வருடம் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். புதுவயல், கண்டனூர், பள்ளத்தூர்ப் பக்கம் நான் ஏறி இறங்காத வீடு குறைவு. நீ கேட்டதில் தப்பே இல்லை. முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் உன் கணக்கிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

பிறந்த பிள்ளை முதல் சில நாளில் எடை குறையும். பத்து சதவீதம் வரை குறைவதை நாங்கள் பார்த்துக்கொண்டு இருப்போம், பயப்பட மாட்டோம். உன் மகள் 210 கிராம் குறைந்திருக்கிறாள், ஏழு சதவீதம்தான். ஐந்தாம் நாளிலிருந்து இன்று வரை ஏழு நாளில் 170 கிராம் ஏறியிருக்கிறாள். ஒரு நாளைக்கு 24 கிராம் வருகிறது. நாங்கள் எதிர்பார்ப்பது 20 முதல் 30 கிராம். பிறந்த எடைக்குத் திரும்ப இரண்டு வாரம் வரை ஆகலாம், இன்னும் 40 கிராம்தான் பாக்கி. இந்த எடை எங்கிருந்து வந்தது? உன் பாலிலிருந்துதான். இதை ஒரு தாளில் எழுதி உன் மாமியாருக்கு அனுப்பு. அவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, கணக்கு தெரிந்தால் அவர்கள் மனதும் ஆறும்.

இன்னொரு அளவு மூத்திரத் துணி. ஒரு நாளில் ஆறு துணிக்கு மேல் நனைந்து, மலம் மஞ்சளாகப் போனால் பிள்ளைக்குப் பால் போகிறது என்று அர்த்தம். துணி குறைந்தாலோ, பிள்ளை பாலுக்குக்கூட எழாமல் சோர்ந்து கிடந்தாலோ, உடம்பு சுட்டாலோ, மஞ்சள் கை கால் வரை இறங்கினாலோ என் பதிலைப் படித்துக்கொண்டு இருக்காதே, உடனே டாக்டரிடம் போ.

சாயங்கால அழுகை இந்த வயதில் நிறையப் பிள்ளைகளுக்கு உண்டு. அடுத்தடுத்துக் குடித்து ராத்திரிக்குச் சேர்த்துக்கொள்கிறது. வாய் வைக்க வைக்கத்தான் பால் ஊறும். மார்பைக் குடம் என்று நினைக்காதே, அது ஊற்று. இறைக்கிற அளவுக்கு ஊறும். அதிலும் பால் ஊற வைக்கிற புரோலாக்டின் என்ற ஹார்மோன் ராத்திரியில்தான் அதிகமாக வேலை செய்யும், அதனால் ராத்திரிப் பாலை விட்டுவிடாதே. ஆபரேஷன் ஆனவர்களுக்குப் பால் இறங்க ஒன்றிரண்டு நாள் கூடப் பிடிக்கும், அவ்வளவுதான்.

இப்போது அந்த இடது பக்கத்துக்கு வருகிறேன். ரத்தம் கசிகிறது என்றால் பிள்ளை காம்பை மட்டும் கவ்வுகிறது. வாய் வைத்த முதல் சில நொடி சுருக்கென்று இருக்கலாம், அதற்கு மேல் வலித்தால் பிடி சரியில்லை. இழுத்துப் பிடுங்காதே. சுண்டு விரலை அதன் கடைவாயில் மெல்ல விட்டால் காற்று போய்த் தானே விட்டுவிடும். மறுபடி வை. காம்பால் அதன் மேல் உதட்டைத் தொடு, கொட்டாவி விடுவது போல வாயைப் பெரிதாகத் திறக்கும். அந்த ஒரு கணத்தில் பிள்ளையை மார்புக்குக் கொண்டு வா, மார்பைப் பிள்ளையிடம் கொண்டு போகாதே. தாடை மார்பில் பதிந்திருக்க வேண்டும். கீழுதடு வெளியே மடிந்திருக்க வேண்டும். காம்பைச் சுற்றிய கறுப்பு மேலே கொஞ்சம் தெரியலாம், கீழே தெரியக் கூடாது. முதலில் வேகமாகச் சப்பும், பிறகு மெதுவாகி, விழுங்குகிற சத்தம் உன் காதுக்கே கேட்கும். கன்னம் உள்ளே குழியக் கூடாது. உனக்கு வயிற்றில் தையல் இருப்பதால் பிள்ளையை மடியில் போடாமல், பக்கத்தில் தலையணை வைத்து, கால் உன் முதுகுப் பக்கம் போகும்படி கக்கத்தில் அணைத்துக்கொண்டு கொடு. குடித்து முடித்ததும் உன் பாலையே இரண்டு சொட்டு காம்பில் தடவி, காற்றாட விடு.

கண்டனூரில் ஒரு பெண், முதுகைத் தூணில் சாய்த்து, கல் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, அழுதுகொண்டே பால் கொடுத்தாள். சுற்றி ஏழெட்டுப் பேர். நான் வந்ததும் அவர்களை எழுந்து போகச் சொன்னேன். தலையணையை முழங்கைக்குக் கீழே தள்ளி, பிள்ளையின் வயிறு அவள் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பி வைத்தேன், வேறொன்றும் செய்யவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் தோள் இறங்கியது. "வலிக்கலையே" என்று என்னையே பார்த்தாள். பால் இறங்குவது ஆக்சிடோசின் என்ற ஹார்மோனால். பயம், வலி, கூச்சம் எது இருந்தாலும் அது தயங்கும். நாலு பேர் முன்னால் "பால் இருக்கா?" என்று கேட்டுக் கேட்டே இறங்குகிற பாலை நிறுத்திவிடுகிறோம். இதை நான் எத்தனையோ வீட்டில் பார்த்துவிட்டேன்.

பிள்ளைக்கு என்ன நன்மை என்று கேட்டாய். முதல் மூன்று நாள் வந்த மஞ்சள் சீம்பாலிலேயே நோயை எதிர்க்கிற பொருள் நிறைந்திருக்கிறது. நீ கொடுத்திருந்தால் முதல் தடுப்பு மருந்து உன்னிடமிருந்தே அவளுக்குப் போய்விட்டது. அப்புறம் உன் உடம்பு ஒரு வேலை செய்கிறது, எனக்கு இன்றைக்கும் அது ஆச்சரியம்தான். உங்கள் வீட்டில், உங்கள் தெருவில் உலவுகிற கிருமி உனக்குள் போனால், அதற்கு எதிரான பொருளை உன் உடம்பு தயார் செய்து பாலில் கலந்து அனுப்பும். டின்னில் சத்தைப் போடலாம், இதைப் போட முடியாது. தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கும் சளி, நிமோனியாவும் காது சீழும் குறைவு. என் வேலையின் ஆரம்ப நாட்களில் வயிற்றுப்போக்கில் வாடிக் கொண்டுவரப்பட்ட பிள்ளைகள் பலருக்குப் பாட்டில் பழக்கம் இருந்தது. கிணற்றுத் தண்ணீரில் கலந்த பால் அது.

இனி உனக்கு. பிள்ளை குடிக்கும்போது அடிவயிறு இழுத்துப் பிடிக்கிறதா? அதே ஆக்சிடோசின்தான் கர்ப்பப்பையைச் சுருக்குகிறது. அதனால் பிரசவத்துக்குப் பிந்தைய உதிரப்போக்கு குறையும், ரத்தசோகை வருகிற வாய்ப்பும் குறையும். கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்களுக்குப் பின்னால் நிரந்தரமாகச் சர்க்கரை நோய் வருகிற வாய்ப்பு அதிகம். பால் கொடுக்கிறவர்களுக்கு அந்த வாய்ப்பு குறைகிறது. உன் நிலைமைக்கு இதை நான் பெரிய காரணமாகவே சொல்வேன். சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பும் குறைவு. நீ கேட்டது சுயநலம் இல்லை ஆத்தா. பெற்றவள் உடம்பைப் பற்றி யாரும் அவளிடம் சொல்லாமல் விட்டதுதான் எங்கள் குறை.

ஆயாவிடம் பக்குவமாகச் சொல். கழுதைப் பால் காய்ச்சாத பால், அதில் என்ன கிருமி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஒரே சங்கைத் தெரு முழுக்கப் பிள்ளைகள் வாயில் வைக்கிறார்கள். தேன் ஒரு வயது வரை கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விஷம் பச்சைப் பிள்ளையின் தசையை முடக்கிவிடும். ஆறு மாதம் வரை சர்க்கரைத் தண்ணீர், உரை மருந்து, வெறும் தண்ணீர் எதுவும் வேண்டாம். அக்னி நட்சத்திர வெயிலிலும் வேண்டாம். தாய்ப்பாலில் நூற்றுக்கு 88 பங்கு தண்ணீர்தான். டாக்டர் எழுதிக் கொடுக்கிற வைட்டமின் டி சொட்டு மருந்தை மட்டும் விடாதே, தாய்ப்பாலில் அது போதாது.

உனக்குத்தான் தண்ணீர் வேண்டும். தாகம் எடுக்கிற அளவுக்குக் குடி, வயிறு போடாது. பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, பால் சுறா புட்டு, நாட்டுக்கோழிச் சாறு எல்லாம் செய்து தரச் சொல், ஆசையாகச் சாப்பிடு. அது உன் உடம்பு தேற. பாலைக் கூட்டுவது பிள்ளையின் வாய்தான்.

கேள்வி கேட்டவர்: கானாடுகாத்தான் மகள்

நர்சம்மா, படித்துவிட்டு அழுதுவிட்டேன். துணியை எண்ணிப் பார்த்தேன், நேற்று மட்டும் எட்டு. அம்மா அறைக் கதவைச் சாத்திவிட்டு என்னுடன் உட்கார்ந்து, நீங்கள் எழுதியதை வரி வரியாக வாசித்தார். கக்கத்தில் வைத்துக் கொடுத்தேன். இரண்டு தடவை பிடி தவறியது, மூன்றாவது தடவை அந்த விழுங்குகிற சத்தம் கேட்டது.

இன்னும் இரண்டு சந்தேகம். என் அப்பத்தாவுக்கு மார்பகப் புற்றுநோய் இருந்தது. பால் கட்டினால் அந்தக் கட்டி நாளைக்குப் புற்றுநோயாகிவிடும் என்று ஒரு ஆச்சி சொல்லிவிட்டுப் போனார். வலது பக்கம் இப்போது ஒரு இடம் கட்டியாக இருக்கிறது, அதனால் பயம். அப்புறம் வேலைக்குப் போனால் என்ன செய்வது?

பதில் 3: புதுவயல் நர்சம்மா

பால் கட்டுவது புற்றுநோயாக மாறாது. பால் கொடுக்கும் முன் அந்த இடத்தை வெந்நீர்த் துணியால் ஒற்று, பிள்ளைக்கு அந்தப் பக்கம் கொடு, கொடுக்கும்போது காம்பை நோக்கி மெல்ல நீவி விடு. குடித்த பிறகு குளிர்ந்த துணி போடு. ஓரிரு நாளில் கரையும். சிவந்து, தொட்டால் சுட்டு, காய்ச்சலும் வந்தால் அது சீழ் பிடிப்பதற்கு முந்தைய நிலை, அன்றைக்கே டாக்டரிடம் போ. அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்தாதே, நிறுத்தினால் இன்னும் கட்டும். காய்ச்சல் இல்லாமல் வாரக்கணக்கில் ஒரே இடத்தில் ஒரே மாதிரி இருக்கிற கட்டியை மட்டும் பால் கட்டு என்று விட்டுவிடாமல் காட்டு.

உன் அப்பத்தா விஷயத்துக்கு நேராகவே சொல்கிறேன். 30 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2002-இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். ஒரு பெண் தன் வாழ்நாளில் பால் கொடுக்கிற ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு 4.3 சதவீதம் குறைகிறது என்று அதில் வந்தது. பால் கொடுத்தால் வரவே வராது என்று யார் சொன்னாலும் நம்பாதே. வாய்ப்பு குறையும், அவ்வளவுதான். குடும்பத்தில் இருப்பதால் வயது வரும்போது பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும்.

வேலைக்குச் சட்டப்படி 26 வாரம் விடுப்பு உண்டு, 2017-இல் 12 வாரத்திலிருந்து உயர்த்தினார்கள். பிரசவத்துக்கு முன் எடுத்த நாட்களையும் அதில் கழிப்பார்கள், எனவே உனக்கு மீதி எத்தனை வாரம் என்று அலுவலகத்தில் கேட்டு வை. வேலைக்குப் போன பிறகும் பிள்ளைக்கு 15 மாதம் ஆகும் வரை ஒரு நாளைக்கு இரண்டு இடைவேளை பால் கொடுக்கவோ எடுக்கவோ கேட்கலாம், அதுவும் சட்டத்தில் இருக்கிறது. ஆறு மாதத்துக்குப் பிறகு கூழ், பருப்பு சாதம் என்று ஆரம்பித்து, தாய்ப்பாலை இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தொடரலாம்.

உங்கள் வீட்டுச் சாமானில் பிள்ளைக்குப் பால் புகட்டுகிற வெள்ளிப் பாலாடை ஒன்று கட்டாயம் இருக்கும். அதை எடு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, பாலைப் பீய்ச்சி, வெந்நீரில் கொதிக்க வைத்த மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணத்தில் வை. நம் ஊர்ச் சூட்டில் வெளியே நாலு மணி நேரம், ஃபிரிட்ஜில் ஒரு நாள். கொடுக்கும்போது காய்ச்சாதே, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்தால் குளிர் விடும். பாலாடையின் மூக்கைக் கடைவாயில் வைத்து, விழுங்க விழுங்க மெதுவாகச் சாய். பாட்டில் ரப்பரைப் பழகிய பிள்ளை மார்பில் வாய் வைக்க மறுக்கலாம், பாலாடையில் அந்தத் தொல்லை இல்லை. கழுவவும் சுலபம், மூலை முடுக்கு கிடையாது. புதுவயல் அரிசி ஆலையில் வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு 1 கிலோ 700-இல் பிள்ளை பிறந்தது, சப்பத் தெம்பில்லை. அவளிடம் வெள்ளி கிடையாது, எவர்சில்வர் பாலாடைதான். அதிலேயே அவள் பாலை ஊற்றி, மீதி நேரம் பிள்ளையைத் துணியில்லாமல் நெஞ்சோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தாள். ஒன்றரை மாதத்தில் பிள்ளை தானாகக் குடிக்க ஆரம்பித்தது. போன வருடம் தன் கல்யாணப் பத்திரிகையை அந்தப் பிள்ளையே கொண்டுவந்து கொடுத்தது.

பதில் 4: கோட்டையூர் அப்பா

பெண்கள் பேசுகிற இடத்தில் ஆண் வந்து எழுதுவதற்கு மன்னிக்கவும், ஆனால் வீட்டுக்காரர் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. எங்கள் மகன் பிறந்தபோது பிள்ளை பார்க்க வந்தவர்களை நானும் என் மாமனாரும் முகப்பிலேயே உட்கார வைத்துவிட்டோம். காபி, பலகாரம், வெற்றிலை எல்லாம் அங்கேயே. பிள்ளை பால் குடித்து முடிந்ததும் நான் தூக்கி வந்து காட்டுவேன். ஒருத்தர் இரண்டு பேருக்கு வருத்தம்தான், ஒரு மாதத்தில் மறந்துவிட்டார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு செம்புத் தண்ணீரை என் மனைவிக்குக் கையெட்டும் இடத்தில் வைப்பதும், குடித்த பிள்ளையைத் தோளில் போட்டு ஏப்பம் விட வைப்பதும் என் வேலை.

மாமியார் அனுப்பிய டின்னைத் திருப்பிப் பாருங்கள். குழந்தைக்குத் தாய்ப்பாலே சிறந்தது என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். 1992-இல் வந்த சட்டம் அப்படி எழுத வைக்கிறது, விளம்பரமும் செய்யக் கூடாது. நாங்கள் அதை எங்கள் அம்மாவிடம் வாசித்துக் காட்டினோம், அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

கேள்வி கேட்டவர்: கானாடுகாத்தான் மகள்

ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன். இன்று எடை 2 கிலோ 985. வலது பக்கக் கட்டி மறுநாளே கரைந்தது. இடது பக்கப் புண் காய்ந்து வருகிறது, முதல் வாய் மட்டும் இன்னும் சுருக்கென்கிறது. சாயங்கால அழுகை அப்படியே இருக்கிறது, ஆனால் இப்போது அந்த மூன்று மணி நேரமும் கதவைச் சாத்திக்கொண்டு நானும் அவளும் படுத்தே இருக்கிறோம்.

கழுதைக்காரர் நேற்று வந்தார். ஆயாவே வாசலுக்குப் போய், வேண்டாம் என்று காசு கொடுத்து அனுப்பிவிட்டார். அப்புறம் இரும்புப் பெட்டியைத் திறந்து, என் அம்மாவுக்குச் சீராக வந்த பாலாடையை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்தார். மூக்கு ஓரத்தில் சின்னதாக ஒரு நெளிவு இருக்கிறது, நான் கைக்குழந்தையாக இருந்தபோது தட்டிவிட்டதாம். இப்போது அடுப்பில் கொதித்துக்கொண்டு இருக்கிறது.